தோட்டத்துக் கற்றல் நிலையத்தில் ஆசிரிய பயிலுனர்: அனுமதிக் கடிதம் தொடங்கிக் கையளிப்பு வரை

இலங்கை மலையகத்தில் ஆசிரியத் தொழிலுக்குப் பயில்கிறவர்களில் சிலருக்குப் பாடசாலைக்கு வெளியே உள்ள ஒரு கற்றல் நிலையத்திலும் சில வாரமோ ஒரு தவணையோ கற்பிக்க வேண்டி வருகிறது. பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளின் எழுத்தறிவு வகுப்பு, தேயிலைத் தோட்ட மண்டபத்தில் மாலையில் நடக்கும் இணைப்பு வகுப்பு, பதினாறு வயதைத் தாண்டியவர்களுக்கான தொழில்முன் பயிற்சி என்று இடத்துக்கு இடம் பெயர் மாறும். பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியல் கல்லூரியிலிருந்து வந்தாலும் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தாலும், புதியவர்கள் தடுக்கி விழும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன.

பாடசாலையின் பாடத்திட்டம், பிள்ளை நாளைக்கும் வரும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டது. இங்கே அந்த நம்பிக்கை கிடையாது. இன்று வந்த பிள்ளை அடுத்த வாரம் கொழும்பில் ஒரு கடையில் நிற்கலாம். ஆகவே ஒவ்வொரு வகுப்பும் தன்னளவில் முழுமையாக இருக்க வேண்டும். பிள்ளை இங்கிருந்து எங்கே போகப் போகிறது என்பதும் தொடக்கத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். கீழே உள்ள படிகளை இந்த இரண்டையும் மனதில் வைத்தே வரிசைப்படுத்தியிருக்கிறேன். வரிசையை மாற்றினால் எங்கே சிக்கல் வரும் என்பதையும் அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

1. எந்த வகை நிலையம், எந்த வயதுப் பிள்ளைகள்

உங்களுக்கு ஒதுக்கப்பட்ட இடத்தைப் பற்றி முதலில் கேட்க வேண்டியது வயது. இலங்கையில் கட்டாயக் கல்வி வயது 5 முதல் 14 வரை என்று இருந்தது. 2016இல் அது 16 வரை நீட்டப்பட்டது. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையைப் பொறுத்தவரை நீங்கள் நடத்துவது பாடசாலைக்குத் திரும்பிப் போகும் வழி. பாடசாலைக்குப் பதிலாக உங்கள் வகுப்பு இருக்க முடியாது.

16ஐத் தாண்டியவர்களுக்கு வேறு கணக்கு. தொழிற்பயிற்சி, தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ், தனிப்பட்ட பரீட்சார்த்தியாகச் சாதாரண தரப் பரீட்சை எழுதுவது என்று அவர்களுக்குப் பாதைகள் உண்டு. ஒரே மண்டபத்தில் பதினொரு வயதும் பத்தொன்பது வயதும் உட்கார்ந்திருந்தால், ஒரே கரும்பலகையின் முன் இரண்டு வகுப்புகள் இருக்கின்றன என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, நிலையத்தை நடத்துவது யார் என்று கேளுங்கள். வலயக் கல்வி அலுவலகத்தின் முறைசாராக் கல்விப் பிரிவா, தொண்டு நிறுவனமா, கோவில் சபையா, மாதர் சங்கமா? பதிவேடு யாரிடம் இருக்கிறது, சம்பளம் வாங்கும் போதனாசிரியர் உண்டா, சாவி யாரிடம் என்பவை இதைப் பொறுத்தவை. சாவி சின்ன விடயமாகத் தெரியலாம். சாவிக்காரர் ஊரில் இல்லாததால் பிள்ளைகள் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிப் போவதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். அப்படி இரண்டு முறை திரும்பிப் போன பிள்ளை மூன்றாம் முறை வருவது கடினம்.

2. போகுமுன் கையில் இருக்க வேண்டியவை

கல்லூரிப் பீடாதிபதியின் அல்லது துறைத் தலைவரின் கடிதம், அதன் மூன்று பிரதிகள், தேசிய அடையாள அட்டையின் நிழற்பிரதி. கடிதத்தில் தொடங்கும் திகதியும் முடியும் திகதியும் இருக்கட்டும். “பயிற்சிக்காக” என்று மட்டும் எழுதிய கடிதத்தைப் பார்த்தால், நீங்கள் அங்கேயே தங்கிவிடுவீர்கள் என்று தோட்டத்தில் எதிர்பார்த்துவிடுவார்கள்.

பொருட்களில் தடித்த மார்க்கர், பழைய கலண்டர் தாள், நூல், துணி கவ்வி. மண்டபச் சுவரில் ஆணி அடிக்க விடமாட்டார்கள், ஒட்டுத்தாள் ஈரத்தில் நிற்காது. ஒரு கயிறு கட்டிக் கவ்வியில் தாள்களைத் தொங்கவிடுவதுதான் கைகொடுக்கும். மின்சாரம் வேண்டிய எதையும் நம்பாதீர்கள்.

கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை நேரில் போய்க் கேளுங்கள். மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் தோட்டங்களின் மேல் டிவிசன்களுக்கு (பிரிவுகளுக்கு) மாலையில் பஸ் கிடைப்பது அருமை. பெண் பயிலுனர்கள் தங்குமிடத்தை உறுதிசெய்துவிட்டுத்தான் வகுப்பு நேரத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க வகுப்பைப் பாதியில் முடிக்கிறார்கள்.

3. அனுமதி: யாரிடம் முதலில்

வரிசை இது: வலயக் கல்வி அலுவலகம், தோட்ட முகாமையாளர், தோட்டத் தலைவர்மார், கடைசியாகப் பெற்றோர். நுவரெலியா மாவட்டத்தில் நுவரெலியா, ஹட்டன், கொத்மலை, வலப்பனை, ஹங்குராங்கெத்த என ஐந்து கல்வி வலயங்கள் உண்டு. உங்கள் தோட்டம் எந்த வலயத்தில் வருகிறது என்பதைப் பக்கத்துப் பாடசாலை அதிபரிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள். அருகிலுள்ள நகரத்தை வைத்து ஊகித்துத் தவறான அலுவலகத்தில் ஒரு நாளை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

வலயத்தில் முறைசாராக் கல்விக்குப் பொறுப்பான அதிகாரியைச் சந்தியுங்கள். பாடசாலைக்குச் செல்லாத பிள்ளைகள் பற்றிய விவரம் அவரிடம் இருக்கும். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது கையெழுத்து வேண்டியதும் அங்கேதான்.

தோட்டத்தில் மண்டபம், பிள்ளைக்காம்பரா (வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்க்கும் இடம்), விளையாட்டுக் கழகக் கட்டடம் எதுவானாலும் பெரும்பாலும் நிருவாகத்தின் பொறுப்பில் இருக்கும். பெரிய துரையை, அதாவது முகாமையாளரை, பார்க்கும்போது மூன்றை மட்டும் சொல்லுங்கள்: எந்தக் கட்டடம், எந்த நாட்கள், எத்தனை மணி வரை. வேலை நேரத்தில் யாரையும் கூப்பிடமாட்டோம் என்று நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள். அவர் மனதில் இருக்கும் முதல் கேள்வி அதுதான்.

தலைவர்மாரிடம் போகும்போது ஒரு தொழிற்சங்கத்துத் தலைவரோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரே டிவிசனில் இரண்டு மூன்று சங்கங்கள் இருக்கும். ஒருவரைப் பார்த்துவிட்டு மற்றவரை விட்டால், உங்கள் வகுப்பு ஒரு சங்கத்தின் வகுப்பாகிவிடும். மற்றச் சங்கத்துக் குடும்பத்துப் பிள்ளைகள் வரமாட்டார்கள், ஏன் வரவில்லை என்று யாரும் உங்களிடம் சொல்லவும் மாட்டார்கள்.

4. முதல் சில நாட்கள் பாடம் எடுக்காமல் பாருங்கள்

பயிலுனர்களுக்கு மிகக் கடினமான படி இது. முதல் நாளே பாடக்குறிப்போடு நிற்க வேண்டும் என்று கை துடிக்கும். ஆனால் நேரம், நாள், இடம் மூன்றும் பொருந்தாவிட்டால் நல்ல பாடமும் வெறும் மண்டபத்தில்தான் நடக்கும்.

இந்த நாட்களில் தோட்டத்தின் நாட்காட்டியை எழுதுங்கள். மாலைக் கொழுந்து நிறுக்கும் நேரம், சம்பள நாள், அதற்கு அடுத்த ஞாயிறு, கோவில் திருவிழா, மாசியில் காமன் கூத்து ஒத்திகை நடக்கும் இரவுகள். சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு குடும்பமே டவுனுக்குப் போகும். அன்று வகுப்பு வைத்துவிட்டு வரவு குறைந்தது என்று கவலைப்படுவதில் பொருளில்லை.

கொழுந்து நிறைந்து வரும் மாதங்களில் தாய்மார் திரும்ப நேரமாகும். அப்போது மூத்த பெண்பிள்ளைதான் வீட்டில் அடுப்பைப் பார்க்கும், தம்பி தங்கையைப் பார்க்கும். அந்தப் பிள்ளைக்கு ஐந்து மணி வகுப்பு எட்டாது. மூன்றரை மணிக்கு வைத்து, தம்பியையும் கூட்டிக்கொண்டு வா என்று சொன்னால் வரும். மண்டபத்தின் ஒரு மூலையில் பாய் விரித்து, சின்னவர்களுக்குப் படம் கீறத் தாளும் பென்சிலும் வைத்துவிடுங்கள்.

மழையையும் எழுதிக்கொள்ளுங்கள். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. பதுளை, பசறை, லுணுகலைப் பக்கம் ஆண்டின் கடைசி மாதங்கள். தகரக் கூரையில் மழை பிடித்தால் உங்கள் குரல் முதல் வரிசைக்கே கேட்காது. ஆகவே பேசாமல் செய்யக்கூடிய எழுத்து வேலை ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்த நாளில் வகுப்பு வேண்டாம். அந்த மண்டபமே இடம்பெயர்ந்த குடும்பங்கள் தங்கும் இடமாகவும் மாறக்கூடும்.

5. ஒவ்வொருவரும் எந்தப் படியில் நிற்கிறார் என்று பார்த்தல்

பாடம் எழுதுவதற்கு முன் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்காரவைத்துப் பத்து நிமிடம் பாருங்கள். நான்கு படிகள் போதும்: எழுத்து, சொல், வாக்கியம், சிறிய பத்தி. எந்தப் படியில் தடுமாறுகிறதோ அதற்கு முந்திய படிதான் அந்தப் பிள்ளை நிற்கும் இடம். கணக்கிலும் இப்படியே: எண்ணை அடையாளம் காணல், கூட்டல், கழித்தல், பெருக்கல்.

எந்த வகுப்பு வரை படித்தாய் என்று கேட்டு அதை வைத்து முடிவெடுப்பதுதான் அதிகம் நடக்கும் பிழை. ஆறாம் தரம் வரை போன பிள்ளை சொல்லளவில் நிற்கலாம். மூன்றாம் தரத்தில் நின்ற பிள்ளை, அண்ணனின் போனில் பார்த்துப் பழகிப் பத்தி வாசிக்கலாம்.

தனியாக என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பதினைந்து வயதுப் பையன் ஒருவன் தனக்கு வாசிக்கத் தெரியாது என்பதை ஊர்ப் பிள்ளைகள் முன் காட்டமாட்டான். எழுந்து போய்விடுவான், மறுநாள் வரமாட்டான். இப்படி இழந்த பிள்ளையைத் திரும்பக் கொண்டுவருவது கடினம்.

“பரீட்சை” என்று சொல்லாதீர்கள். “தம்பி, உங்களுக்கு எதிலிருந்து தொடங்கலாம் என்று பார்க்கிறேன்” என்றால் போதும். வயதில் சிறியவனாக இருந்தாலும் பதின்ம வயதுப் பையனிடம் “உங்களுக்கு” என்று பேசுவது பலன் தரும். வெளியில் யாரும் அவனிடம் அப்படிப் பேசியிருக்கமாட்டார்கள்.

6. தனித்து நிற்கும் வகுப்பை அமைத்தல்

பயிற்சியின் நடு இதுதான். கல்லூரியில் பழகிய அலகுத் திட்டம் இங்கே உடையும். திங்கள் தொடங்கி வெள்ளியில் முடியும் பாடத்தில், திங்கள் வராத பிள்ளைக்கு மற்ற நான்கு நாளும் வீண். அன்றைக்குத் தொடங்கி அன்றைக்கே முடியும் வகுப்பு வேண்டும்.

ஒன்றரை மணி நேரத்துக்கு இப்படிப் பிரியுங்கள். முதல் பத்து நிமிடம் பேச்சு, இன்று தோட்டத்தில் என்ன நடந்தது என்று. அடுத்த இருபது நிமிடம் எல்லோரும் சேர்ந்து ஒரே வாசகத்தை வாசிப்பது. பிறகு அரை மணி, படிக்கேற்பப் பிரிந்து வேலை. பிறகு இருபது நிமிடம் கணக்கு. கடைசிப் பத்து நிமிடத்தில் ஒவ்வொருவரும் ஒரு தாளில் எழுதி வீட்டுக்கு எடுத்துப் போகும் ஒன்று: தன் பெயர், மூன்று சொற்கள், ஒரு குறிப்பு, ஒரு கணக்கு.

இந்தக் கடைசித் தாளை நேரமில்லை என்று விட்டுவிடாதீர்கள். நடுவில் எதையாவது குறைத்தாலும் இதைக் குறைக்கக்கூடாது. வகுப்பு உண்மையில் நடக்கிறது என்று வீட்டில் தெரிவது அந்தத் தாளால்தான். அடுத்த முறை இரண்டு வாரம் கழித்து வந்தாலும் அந்தத் தாளிலிருந்து தொடரலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோப்புறை வைத்து ஒரு பிரதியைச் சேர்த்துவையுங்கள். போனில் படமெடுத்து வைத்தாலும் சரி, பிள்ளையின் முகம் வேண்டாம், தாள் மட்டும்.

எல்லோரும் சேர்ந்து வாசிக்கும் வாசகத்தைப் புத்தகத்தில் தேடாதீர்கள். முதல் பத்து நிமிடப் பேச்சிலிருந்து எடுங்கள். பிள்ளை “நேத்து மல மேல மழ பேஞ்சுச்சு, மண்ணு சரிஞ்சிருச்சு” என்று சொன்னால், அப்படியே பெரிய தாளில் எழுதுங்கள். அவர்கள் வாயிலிருந்து வந்தது என்பதால், வாசிக்கத் தெரியாதவரும் அதை மனத்தில் பிடித்துக்கொண்டு விரலை ஓட்டுவார். பிறகு அதற்குக் கீழே “நேற்று மலைமேல் மழை பெய்தது, மண் சரிந்தது” என்று எழுதி இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். பேச்சைப் பிழை என்று சொல்லித் திருத்துவது வேறு, எழுத்தில் இப்படி வரும் என்று காட்டுவது வேறு. முதலாவதைச் செய்தால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். மலை, மழை, மண் என்று ல, ழ, ண மூன்றையும் பிரித்துக் காட்டும் வாய்ப்பும் அதே தாளில் கிடைத்துவிடுகிறது.

எழுத்துப் படியில் நிற்பவர்களுக்கு அ, ஆ என்று தொடங்கி 247 எழுத்தையும் வரிசையில் கொண்டுபோக நேரமில்லை. கோடுகள் எளிய ட, ப, ம மூன்றையும், புள்ளியையும் முதல் வகுப்பிலேயே கொடுங்கள். அன்றைக்கே படம், மடம், பட்டம் என்று மூன்று முழுச் சொற்கள் வாசித்துவிடலாம். மூன்று சொல் வாசித்துவிட்டு எழும் பிள்ளையின் நடையிலேயே வித்தியாசம் தெரியும். முதல் மாதம் முழுதும் உயிரெழுத்தோடு நின்ற பிள்ளைக்கு அது கிடைப்பதில்லை. பெயரின் எழுத்துக்களை மட்டும் விதிவிலக்காக வைத்து, முதல் நாளே எழுதச் சொல்லிக் கொடுங்கள். கைநாட்டிலிருந்து கையெழுத்துக்கு வருவதைப் பெரியவர்கள் எவ்வளவு மதிக்கிறார்கள் என்பதை வளர்ந்தோர் வகுப்பு எடுத்தவர்கள் அறிவார்கள்.

அரை மணிக் குழுவேலையில் எல்லாக் குழுவையும் நீங்களே பார்க்க முயலாதீர்கள். பத்தி வாசிப்பவர்களில் இருவரைச் சொல் குழுவோடு அமர்த்துங்கள், நீங்கள் எழுத்துக் குழுவோடு இருங்கள். மேலே நிற்பவர்களோடு உட்கார்வது இனிமையாக இருக்கும், பதில் உடனே வரும். அதனால்தான் பயிலுனர்கள் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். உங்கள் நேரம் தேவைப்படுவது கீழ்ப்படியில்.

7. எதை வாசிக்கக் கொடுப்பது

பதினாறு வயது இளைஞனிடம் முதலாம் தரப் புத்தகத்துப் பூனைப் படத்தை நீட்டாதீர்கள். அவன் உலகத்தில் ஏற்கெனவே எழுத்து நிறைய இருக்கிறது: பஸ் பெயர்ப்பலகை, மருந்துச் சீட்டு, போன் ரீலோட் அட்டை, கடன் கொப்பி. குரல் பதிவில் மட்டும் செய்தி அனுப்பும் இளைஞர்களுக்குப் போனில் தமிழ் எழுதக் காட்டுங்கள். ஒரு வாரத்தில் அவர்கள் வாசிக்கும் அளவு கூடும், ஏனென்றால் மறுபக்கத்திலிருந்து பதில் வருகிறது.

கணக்குக்குச் சம்பளச் சீட்டைப் போல ஒன்று இல்லை. யாருடைய சீட்டையும் வகுப்பில் விரிக்காதீர்கள். மாதிரி ஒன்றை நீங்களே வரையுங்கள். எளிமைக்காக நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 20 நாள் பேர் விழுந்தால், அதாவது வேலை நாளாகப் பதிவானால், 20,000. ஊழியர் சேமலாப நிதியத்துக்குத் தொழிலாளியின் பங்கு 8 வீதம், அதாவது 1,600 ரூபாய் சம்பளத்தில் கழியும். தொழில் கொடுப்பவரின் பங்கு 12 வீதம், 2,400 ரூபாய். கணக்கில் சேர வேண்டியது 4,000. ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குரிய 3 வீதம், 600 ரூபாய், முழுவதும் தொழில் கொடுப்பவர் கட்ட வேண்டியது, அது சம்பளத்தில் கழியக்கூடாது. கூட்டல், கழித்தல், வீதம் மூன்றும் ஒரே தாளில் வந்துவிடுகின்றன. இந்தத் தாள் பிள்ளையோடு வீட்டுக்குப் போய் அம்மாவின் சீட்டோடு ஒப்பிடப்படும்.

அப்போது கேள்விகள் வரும், உங்களிடமே வரும். கணக்கைச் சரிபார்க்க உதவுங்கள். நிருவாகத்தோடு பேசுவது தலைவர்மாரின் வேலை, தொழில் அலுவலகத்தின் வேலை. பயிலுனர் அங்கே போய் வாதாடினால் மண்டபச் சாவி போய்விடும், பிள்ளைகளுக்கு வகுப்பும் போய்விடும்.

அடையாள அட்டையிலும் சேமலாப நிதியப் பதிவிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்க்கும் பயிற்சியையும் சேருங்கள். ஓர் எழுத்து மாறியதால் பணம் எடுக்க அலையும் குடும்பங்கள் தோட்டங்களில் குறைவில்லை. எழுத்தறிவு எதற்கு என்று கேட்பவருக்கு அதுவே பதில்.

சிங்களத்தை ஒதுக்காதீர்கள். நம் பிள்ளைகளில் பலர் சிங்களம் பேசுவார்கள், வாசிக்கமாட்டார்கள். தமிழ் வாசிப்பு ஓரளவு வந்த பின், தங்கள் ஊர்ப் பெயரையும் பஸ் போகும் ஊர்ப் பெயர்களையும் சிங்களத்தில் அடையாளம் காணப் பழக்குங்கள்.

8. வராத பிள்ளையைத் தேடிப் போதல்

இரண்டு வகுப்பு தொடர்ந்து வராவிட்டால் போய்ப் பாருங்கள். ஒரு மாதம் பொறுத்துப் போனால் பெரும்பாலும் பிந்திவிடும். தனியே போகாதீர்கள், அந்த லயத்தை (தொழிலாளர் குடும்பங்களின் வரிசை வீடுகளை) அறிந்த ஒருவரோடு போங்கள். பிள்ளைக்காம்பரா அக்காவைக் கேட்டால் வருவார், எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

லயத்தில் சுவர் பொதுச்சுவர். வாசலில் நின்று “ஏன் பிள்ளையை அனுப்பவில்லை?” என்று கேட்டால், பத்துக் காம்பராவும் கேட்கும். உள்ளே கூப்பிட்டால் போய் உட்காருங்கள், கொடுக்கும் தேத்தண்ணியைக் குடியுங்கள். பிள்ளை செய்த வேலைத் தாளைக் கையில் கொண்டுபோய், “அம்மா, பிள்ளை இவ்வளவு எழுதியிருக்கு, பாருங்க” என்று அதிலிருந்து தொடங்குங்கள். காரணத்தை அவர்களே சொல்வார்கள்.

தாய் வெளிநாட்டில் வேலைக்குப் போன வீடுகளில் முடிவெடுப்பது பாட்டியாகவோ தகப்பனாகவோ இருக்கும். போனில் தாயோடு பேசவைக்கச் சொன்னால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். பிள்ளை படிப்பது கேட்டுச் சந்தோஷப்படும் தாய்தான் அங்கிருந்து பிள்ளையை வகுப்புக்கு அனுப்பச் சொல்வார்.

செருப்பு இல்லை, கொப்பி இல்லை என்பது காரணமாக இருந்தால் உங்கள் கையிலிருந்து வாங்கிக் கொடுக்காதீர்கள். மனம் கேட்காதுதான். ஆனால் ஒரு பிள்ளைக்குக் கொடுத்தது மறுநாள் எல்லா லயத்துக்கும் தெரியும். நிலையத்தின் வழியாக, எல்லோருக்கும் ஒரே முறையில் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள்.

9. பிள்ளையின் பாதுகாப்பு

அடிப்பது கூடாது. பாடசாலைகளில் உடற்தண்டனையைத் தடைசெய்து கல்வி அமைச்சு 2005இல் சுற்றறிக்கை வெளியிட்டிருக்கிறது. நிலையம் பாடசாலை இல்லையே என்று சொல்லிப் பிரம்பு எடுக்கும் மூத்தவர்களைக் காண்பீர்கள். பெற்றோரே “அடிச்சுச் சொல்லிக் குடுங்க டீச்சர்” என்பார்கள். பள்ளியில் வாங்கிய அடிக்குப் பயந்து நின்ற பிள்ளைகளும் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

பிள்ளை உங்களிடம் ஏதாவது கெடுதல் பற்றிச் சொன்னால், கேளுங்கள், நம்புங்கள், “யாருக்கும் சொல்லமாட்டேன்” என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். துருவித் துருவி விசாரிக்காதீர்கள். அன்றைக்கே வழிகாட்டி ஆசிரியருக்குச் சொல்லுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1929. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார். பயிற்சி தொடங்கும் முன்பே அவரைச் சந்தித்து அறிமுகமாகிவிடுங்கள், அவசரத்தில் தேடக்கூடாது.

ஒரு பிள்ளையைக் கொழும்புக்குக் கடை வேலைக்கோ வீட்டு வேலைக்கோ அனுப்பப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டாலும் வழி இதுவே. வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயது 2021இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. சட்டத்தைக் காட்டி வீட்டில் சண்டை போட்டால், பிள்ளையை இரவோடு இரவாக அனுப்பிவிடுவார்கள். உத்தியோகத்தரோடு சேர்ந்து பேசுங்கள்.

மாலை வகுப்பை இருட்டுமுன் முடியுங்கள். பெண்பிள்ளைகள் லயத்து லயமாகச் சேர்ந்து திரும்பட்டும். சிறுத்தை நடமாட்டம் பேசப்படும் நாட்களில் வகுப்பைப் பகலுக்கு மாற்றுங்கள். பிள்ளைகளின் போட்டோவை முகநூலில் போடவே வேண்டாம்.

10. பதிவுகளும் மேற்பார்வையாளர் வருகையும்

வரவு இடாப்பு, படிநிலை அட்டவணை, கோப்புறை, உங்கள் பிரதிபலிப்புக் குறிப்பேடு. இவை நான்கும் ஒழுங்காக இருந்தால் போதும். குறிப்பேட்டை அன்றிரவே எழுதுங்கள். வார இறுதியில் சேர்த்து எழுதியதை மேற்பார்வையாளர் ஒரே பார்வையில் கண்டுபிடிப்பார், எல்லா நாளும் ஒரே குரலில் இருக்கும்.

தனியாள் ஆய்வு எழுதும்போது பெயரை மாற்றினால் மட்டும் போதாது. சின்னத் தோட்டத்தில் வயதும் லயமும் தகப்பனின் தொழிலும் சேர்ந்தாலே யார் என்று தெரிந்துவிடும். ஆய்வுக்குத் தேவையில்லாத விவரத்தை எழுதாமல் விடுங்கள்.

மேற்பார்வையாளர் வரும் நாளுக்காகப் பாடசாலைப் பிள்ளைகளைக் கொண்டுவந்து உட்காரவைத்து மாதிரிப் பாடம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அன்று உண்மையான பிள்ளைகள் பின்வாங்கில் ஒடுங்கி உட்கார்ந்திருப்பார்கள். வந்தது ஆறு பேர் என்றால் அந்த ஆறு பேரோடு நடத்துங்கள். போன மாதம் எழுத்தில் நின்றவர் இன்று சொல்லில் நிற்பதைப் படிநிலை அட்டவணையில் காட்டுங்கள். அனுபவமுள்ள மேற்பார்வையாளர் முதலில் கேட்பதும் அதைத்தான்.

11. அடுத்த வழியைத் திறந்துவைத்தல்

பயிற்சியின் நடுப்பகுதியிலேயே இதைத் தொடங்குங்கள், கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். ஆவணங்களுக்கு நாள் பிடிக்கும்.

16க்குக் குறைந்த பிள்ளைக்குப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், முந்திய பாடசாலையின் விடுகைப் பத்திரம் இரண்டையும் தேடுங்கள். பிறப்புப் பதிவே இல்லாவிட்டால் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகப் பதிவாளரிடமும் பெற்றோரை அழைத்துப் போங்கள். காலம் கடந்து பதிவதற்கு வழி இருக்கிறது. பத்திரம் இல்லை என்பதற்காகப் பிள்ளை வீட்டில் இருந்துவிடக்கூடாது, வலய அதிகாரியோடு பேசிச் சேர்ப்புக்கு வழி கேளுங்கள்.

எந்தத் தரத்தில் சேர்ப்பது என்பதை அதிபரோடு உட்கார்ந்து பேசுங்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை மூன்றாம் தரத்தில் போட்டால், வெட்கத்தில் மறுபடி நின்றுவிடும். வயதுக்கு அருகான தரத்தில் சேர்த்து, வாசிப்புக்கு மட்டும் தனி உதவி என்று கேளுங்கள். உங்கள் கோப்புறையை அந்த வகுப்பாசிரியரின் கையில் கொடுங்கள். முதல் நாள் பிள்ளையோடு நீங்களும் போங்கள்.

16ஐத் தாண்டியவர்களுக்குத் தேசிய அடையாள அட்டை முதலில், 15 வயதிலிருந்தே விண்ணப்பிக்கலாம். பரீட்சைக்கும் பயிற்சி நெறிக்கும் அது வேண்டும். தேசிய தொழிற்தகைமை 1 முதல் 7 வரை மட்டங்கள் கொண்டது. சாதாரண தரச் சித்தி கேட்காத நெறிகளும் உண்டு. அருகிலுள்ள தொழிற்பயிற்சி நிலையத்துக்கு இளைஞர்களைக் கூட்டிப் போய், எந்த நெறிக்கு என்ன தகைமை, போக்குவரத்துக்கு எவ்வளவு, கொடுப்பனவு உண்டா என்பதை அவர்கள் வாயாலேயே கேட்கவையுங்கள். வேலை நிச்சயம் என்று நீங்கள் சொல்லாதீர்கள். தர முடியாததை வாக்களித்துவிட்டுப் போன பயிலுனருக்குப் பின் வருகிறவரை அந்தத் தோட்டத்தில் யாரும் நம்புவதில்லை.

கடைசி இரண்டு வாரத்தில் உங்களுக்குப் பின் வகுப்பு எடுப்பவரை, அவர் நிலையப் போதனாசிரியராக இருந்தாலும் தோட்டத்து உயர்தரம் முடித்த அக்காவாக இருந்தாலும், பக்கத்தில் அமர்த்தி நடத்துங்கள். முதல் வாரம் அவர் எழுத்துக் குழுவை மட்டும் பார்க்கட்டும், இரண்டாம் வாரம் முழு வகுப்பையும் அவர் நடத்த நீங்கள் பின்னால் இருங்கள். நீங்கள் போகும் திகதியைப் பிள்ளைகளுக்கு முந்தியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் போனால் தங்களை விட்டுப் போனவர்கள் வரிசையில் உங்களையும் சேர்த்துக்கொள்வார்கள்.

கையளிக்கும்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம்: நிற்கும் படி, அடுத்து கொடுக்க வேண்டியது, எந்த நேரம் வர முடியும், வீட்டில் யாரோடு பேச வேண்டும், எந்த ஆவணம் எந்த அலுவலகத்தில் நிற்கிறது. ஒரு பிரதி நிலையத்துக்கு, ஒன்று வலயத்து முறைசாராக் கல்வி அதிகாரிக்கு. பாதுகாப்பு தொடர்பான எதையும் இந்தப் பக்கத்தில் எழுதாமல், உரிய உத்தியோகத்தரிடம் நேரில் சொல்லுங்கள். மண்டபச் சாவியைப் பெற்றவரிடமே திருப்பிக் கொடுத்து, கொடுத்த திகதியை இடாப்பின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.